சுயம்பு கொத்தனார் மாதா கோயில் பார்க்கப் போன கதை

சுயம்பு கொத்தனாருக்கு இடது காது கேட்காது. பாறை உடைக்கப் போன பதினாறாம் வயதில், வெடி ஒன்று சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வெடித்து அந்தக் காதைக் கொண்டுபோய்விட்டது. அதனால் அவருக்குப் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. பிடிக்காத ஆள் பேச வந்தால் இடது பக்கத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார். நெல்லிவிளை மிஷன் கோயிலின் சபைச் செயலாளர் ஜெயசிங், வேலை தொடங்கிய எட்டு மாதமாக அந்த இடது காதோடுதான் பேசிக்கொண்டிருந்தார். ஜெயசிங் பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் ஊருக்கு அவர் சாரு. வாத்தியார்களுக்கும் சுயம்புவுக்கும் சிறுவயதிலிருந்தே ஆகாது. மூன்றாம் வகுப்பு வாத்தியாரின் நாற்காலியில் பலாப்பாலைத் தடவிவைத்தவர் அவர். வாத்தியார் எழுந்தபோது வேட்டி எழவில்லை. அன்றோடு படிப்பு முடிந்தது.

அதன் பிறகு பாறை வேலை. காது போனதும் கொத்து வேலை. சுண்ணாம்புச் சாந்தை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தே பதம் சொல்லுவார். தூக்குக்குண்டு போடுவதற்கு முன்பே ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "அரை விரல் வெளிய நிக்கு" என்பார். குண்டு போட்டுப் பார்த்தால் அரை விரல்தான் இருக்கும். குழித்துறையைச் சுற்றி அவர் கை படாத கிணறு குறைவு. வயது நாற்பத்திமூன்று. அவர் கட்டிய எதுவும் அதுவரை விழுந்ததில்லை. இதை அவர் தன் வாயால் சொன்னதே கிடையாது. யாராவது சொன்னால் வலது காதைத் திருப்பிக்கொள்வார்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் ஆவணி மாதம் அந்தப் பெயருக்குத்தான் ஆபத்து வந்தது.

கோயிலின் தலைவாசல் வளைவு கூராக இருக்க வேண்டும் என்று சபை ஆசைப்பட்டது. தெற்குக் கடற்கரையில் வெள்ளைக்காரன் நாட்டுப் பாணியில் கட்டிய பெரிய மாதா கோயில் ஒன்று உண்டு. எங்கெங்கோ இருந்து ஆட்கள் வண்டி கட்டி வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அதன் படம் அச்சடித்த காலண்டர் தாளை ஜெயசிங் சாரு கொண்டுவந்து காட்டினார்.

"இஞ்ச பாரும் கொத்தனாரே, ரெண்டு கையும் கூப்புன மாதிரி. மாதா கோயிலுக்கு மட்டும் இருக்கணுமா? நமக்கும் வேணும்."

சுயம்பு அதுவரை கட்டியதெல்லாம் பாதி நிலா மாதிரி உருண்ட வளைவுகள். இருந்தாலும், "கூப்பிருவோம்" என்றார். வளைவைத் தாங்க மர அச்சு செய்து, முட்டுக் கொடுத்து நிறுத்தி, இரண்டு பக்கமும் செங்கலை ஏற்றி, உச்சியில் பூட்டுக்கல்லை இறக்கிவிட்டார். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஒரு மாதம் காயவிட்டு, சனிக்கிழமை காலையில் முட்டுகளைத் தட்டி அச்சை எடுப்பது என்று ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை பிரதிஷ்டை. நாகர்கோவிலிலிருந்து பெரிய போதகர் வருகிறார். அந்த வாசல் வழியாக முந்நூறு பேர் உள்ளே நுழைவார்கள்.

முட்டு எடுப்பதற்கு அந்தப் பக்கத்துக் கொத்தனார்களிடம் ஒரு முறை உண்டு. வளைவுக்கு அடியில், அதைக் கட்டிய கொத்தனார் ஒருவர்தான் நிற்கவேண்டும். முட்டுகளின் அடியில் செருகிய ஆப்புகளை அவரேதான் தட்டி எடுக்க வேண்டும். நிற்க மாட்டேன் என்கிறவன் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு வேறு தொழில் பார்க்க வேண்டியதுதான். சுயம்பு இதற்கு முன்பு முப்பது முறையாவது நின்றிருப்பார். வெற்றிலை போட்டுக்கொண்டே நிற்பார்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் மனைவி முத்துக்கனி சாந்துச் சட்டியோடு வந்து நின்றாள். அவரிடமே சித்தாள் வேலை பார்க்கிறவள்.

"சொவருல எவளோ தலமுடிய ஒட்டி வச்சிருக்கா. பாத்தியளா?"

வாசலுக்கு இடது பக்கம், வளைவு சுவரில் உட்காருகிற இடத்துக்குச் சற்று மேலே, ஒரு கறுப்பு இழை. சுயம்பு விரலால் தடவிப் பார்த்தார். முடி இல்லை. விரிசல்.

கஞ்சிப் பசையில் ஒரு தாள் கீற்றை நனைத்து விரிசலுக்குக் குறுக்கே ஒட்டினார். சுவர் சும்மா நின்றால் தாளும் சும்மா இருக்கும். சுவர் நகர்ந்தால் தாள் கிழியும். புதன்கிழமை சாயங்காலம் போய்ப் பார்த்தார்கள். தாள் நடுவில் கிழிந்திருந்தது.

"அச்சு நிக்கும்போதே இப்படீண்ணா, அச்ச எடுத்தா?" என்றாள் முத்துக்கனி.

சுயம்பு காதில் விழாத மாதிரி கிழிந்த தாளைத் தடவினார். அவள் பேசியது வலது காதுப் பக்கம்தான்.

"சாருட்டச் சொல்லிருங்க."

"என்னண்ணு சொல்ல? வளைவு தள்ளுது, ஏன் தள்ளுதுண்ணு தெரியல்ல, இடிக்கவா வேண்டாமாண்ணும் தெரியல்லண்ணா?" மடியிலிருந்த காலண்டர் தாளை எடுத்து விரித்தார். "படத்தப் பாத்துல்லா கெட்டினேன் பிள்ளே. படத்துல மொகம் மட்டுந்தான் இருக்கு. அது முதுக எங்க ஊணிக்கிட்டு நிக்குண்ணு எவனும் போட்டோ புடிக்கல்ல. நாளைக்கி நேருல போய்ப் பாத்துட்டு வாறேன்."

"பாத்துட்டு?"

"பாத்தாத்தானே தெரியும்."

வியாழக்கிழமை முதல் வண்டியில் நாகர்கோவில். அங்கே வேறு வண்டி மாறி, கடற்கரையில் இறங்கும்போது மணி பதினொன்று. திரும்புகிற வண்டி இரண்டரைக்கு. இறங்கியதும் கோயிலைத் தேட வேண்டியிருக்கவில்லை. தென்னை மரங்களை முழங்காலளவுக்கு ஆக்கிவிட்டு வெள்ளையாக எழுந்து நின்றது. சுயம்பு நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நடந்து ஒரு ஆட்டின்மேல் மோதினார். காலண்டர் தாளில் கையகலம் இருந்த வாசல், இங்கே யானை நுழைகிற உயரம்.

மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் வாடகை பஸ்ஸில் வந்திறங்கி வேடிக்கை பார்க்க உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவர்களோடு சுயம்புவும் சேர்ந்துகொண்டார். வாழ்க்கையிலேயே முதல் முறையாகச் சுற்றுலாப் பயணி ஆனார் என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். சுயம்புவிடம் செருப்பு இல்லை. சட்டையைக் கழற்றி மடித்துக் கக்கத்தில் வைத்தார். தோளில் கிடந்த துண்டை உதறி, தலையில் சுற்றி, நெற்றிக்கு மேலே கொசுவம் நிமிர்ந்து நிற்கும்படி கட்டிக்கொண்டார். நெற்றியில் வெள்ளை நாமம் காலையிலேயே இட்டது. அய்யா என்று கும்பிடும் குருவின் வழியில் போகிற அய்யாவழிக்காரர் அவர். ஊரில் அவர்கள் வழிபடுகிற தாங்கலுக்குள் கும்பிடப் போகும்போது ஆண்கள் நிற்கிற கோலம் அதுதான். மிஷன் கோயிலைக் கட்டியிருக்கிறாரே தவிர, ஆராதனை நடக்கிற கோயிலுக்குள் அவர் அன்றுவரை கால் வைத்ததில்லை. சாமி இருக்கிற எந்த இடத்துக்கும் இதுதான் மரியாதை என்று நினைத்திருந்தார்.

உள்ளே நாலடிதான் வைத்திருப்பார்.

"ஓய்! தலப்பா! நில்லும் ஓய்!"

சத்தம் இடது பக்கமிருந்து வந்தது. மதுரைக் கூட்டம் முழுக்கத் திரும்பித் தன்னைப் பார்த்த பிறகுதான் சுயம்புவும் திரும்பினார். கோயிலைத் திறந்து பூட்டி மணி அடிக்கிற கோயில்பிள்ளை யோவான், கையில் சாவிக்கொத்தோடு வந்துகொண்டிருந்தார். ஒல்லியான கிழவர், குரல் மட்டும் கடலுக்குக் கேட்கிற மாதிரி.

"தலையில என்ன?"

"துண்டு."

"துண்டுண்ணு எனக்கும் தெரியும். அவுரும்."

"எதுக்கு?"

"எதுக்கா? கோயிலுக்குள்ளல்லா நிக்கீரு!"

"கோயிலுக்குள்ள நிக்கதுனாலதான் கெட்டியிருக்கேன்."

யாரோ சிரித்தார்கள். யோவானுக்கு முகம் சிவந்தது. சுயம்பு கூட்டத்திலிருந்த ஒரு அம்மாளைக் கண்ணால் காட்டினார்.

"அந்தா அவிய முக்காடு போட்டிருக்காவ. அவியள ஒண்ணும் சொல்லல்லியே?"

"பொம்பள மூடணும், ஆம்பள தொறக்கணும். அதாக்கும் இங்கத்த மொற. வெள்ளக்காரத் தொர வந்தாலும் தொப்பியக் கையில எடுத்துட்டுத்தான் நிப்பான்."

"தொரைக்கென்ன ஓய், அவன் ஆருட்டயும் கேக்காமப் போட்ட தொப்பி. எடுத்தா ஒண்ணும் கொறையாது."

"உமக்கு மட்டும் என்ன கொறையும்?"

சுயம்புவின் பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் அவர்கள் ஆட்கள் துண்டைத் தலையில் கட்டினால் மேல்சாதிக்காரர்களிடம் அடி விழும். இடுப்பில் கட்டிக் குனிந்து நிற்க வேண்டும். கட்டு, கட்டிக்கொண்டே கடவுள் முன்னால் நில் என்று அய்யா சொன்னார், கட்டினார்கள். இதையெல்லாம் மதுரைக்காரர்கள் காமிராவோடு சுற்றி நிற்கும்போது ஒரு சாவிக்கொத்திடம் எப்படிச் சொல்வது? யோவானும் கெட்டவரில்லை. அவருக்கும் அது பாட்டன் சொத்து.

தலைக்கு மேலே கூரான வளைவுகள் வரிசையாக ஏறிப்போயின. துண்டை அவிழ்த்தால் போதும். பத்து நிமிஷம் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். சனிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான் நடுவில். முந்நூறு தலைகள், அதற்கு முன்னால் தன் ஒரு தலை.

சுயம்புவின் கை துண்டு முடிச்சு வரைக்கும் போனது. விரல்கள் முடிச்சைப் பிடித்தன. யோவான் காத்திருந்தார். கூட்டம் காத்திருந்தது. கை கீழே இறங்கியது.

"வாறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

வெளியே வந்ததும் தன்மேலேயே வந்த ஆத்திரத்தில் காது அடைத்தது. இருக்கிற ஒன்றும் அடைத்தது. 'ஒரு துண்டுக்காக முந்நூறு பேர் உயிரையா வைத்தோம்? முத்துக்கனி கேட்டால் என்ன சொல்வது? பார்க்கப் போனேன், சண்டை போட்டுவிட்டு வந்தேன் என்றா?' கோயிலுக்கு முன்னால் நிற்கப் பிடிக்காமல் பக்கவாட்டில் திரும்பி, கடலைப் பார்த்து நடந்தார்.

கீழே மணலில் ஐந்தாறு பேர் வள்ளம் ஒன்றைக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். கையால் தள்ளவில்லை. வள்ளத்தில் முதுகைச் சாய்த்து, கால்களைத் தள்ளி வைத்து, குதிகாலை மணலில் புதைத்து நின்றார்கள். அலை ஒன்று வந்து திரும்பும்போது வள்ளத்தை அவர்கள் மேலேயே தள்ளியது. கால் அகலமாக ஊன்றி நின்றதால் ஒருத்தனும் அசையவில்லை.

சுயம்பு கொஞ்ச நேரம் அந்தக் கால்களையே பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பிக் கோயிலின் பக்கச் சுவரைப் பார்த்தார்.

சுவரை ஒட்டி, வெளியே, வரிசையாகக் கொழுத்த தூண்கள். மேலே ஒல்லி, கீழே வர வரப் படிப்படியாக அகலம். ஒவ்வொன்றும் சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை அகட்டி ஊன்றி நிற்கிற ஒரு ஆள். உள்ளே வளைவு வெளிப்பக்கமாகத் தள்ள, இவர்கள் வெளியே நின்று தாங்கிக்கொண்டிருந்தார்கள். மதுரைக்காரர்கள் உள்ளே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது வளைவின் முகத்தை. முதுகு இங்கே வெயிலில் நின்றது.

"அட நாசமாப் போவான்!" என்றார் சுயம்பு. தன்னைத்தான் சொன்னார்.

மடியிலிருந்த தூக்குக்குண்டுக் கயிற்றை உருவித் தூணின் அடி அகலத்தை அளந்தார். கயிற்றில் முடிச்சுப் போட்டார். எந்த உயரத்தில் தூண் சுவரை விடுகிறது என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மூன்றாவது தூணை அளக்கும்போது ஒரு நிழல் மேலே விழுந்தது. சாவிக்கொத்து.

"இப்ப என்னவே அளக்குதீரு?"

சுயம்பு இந்த முறை வலது காதைத் திருப்பினார். ஏனோ அந்தக் கிழவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். காலண்டர் படம், தாள் கீற்று, சனிக்கிழமை முட்டு எடுப்பது, அடியில் யார் நிற்கவேண்டும் என்பது. யோவான் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "இத உள்ளேயே சொல்லப்பிடாதா?" என்றார்.

"நீரு கேக்க விட்டீரா?"

யோவான் சாவிகளை ஒவ்வொன்றாகத் தள்ளினார். பக்கவாசல் ஒன்றைத் திறந்து ஓரமாக நின்றார்.

"உள்ள வரப்பிடாது. அது மொற. படியில நின்னு பாரும்."

"படி உள்ளயா, வெளியயா?"

"படி, படி. பேசாமப் பாரும்."

சுயம்பு படியில் நின்றார். பாதம் வெளியே, கழுத்து உள்ளே. தலைத்துண்டின் கொசுவம் எந்தப் பக்கம் இருந்தது என்று இருவரும் கவனிக்கவில்லை. வளைவு எங்கே சுவரில் இறங்குகிறதோ, அதே உயரத்தில் வெளியே தூண் கைகொடுத்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு, வந்த காரியத்துக்குச் சம்பந்தமில்லாமல், வண்ணக் கண்ணாடி வழியாகத் தரையில் விழுந்து கிடந்த சிவப்பையும் நீலத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சனியாழ்ச்ச காலம்பற எட்டு மணிக்கா?" என்று கேட்டார் யோவான், கதவைப் பூட்டும்போது.

"ஆமா."

"மணி அடிக்கும்போது நெனச்சுக்கிடுகேன்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சுயம்பு, சுற்றுச்சுவருக்கென்று இறக்கி வைத்திருந்த கருங்கற்களைப் புரட்ட ஆரம்பித்தார். சாந்து வைத்துத் தூண் கட்ட நேரமில்லை. கட்டினாலும் ஒரே நாளில் இறுகாது. ஆனால் கல்லுக்குக் கனம் உண்டு. வாசலுக்கு இரண்டு பக்கமும், கயிற்றில் போட்ட முடிச்சு அளவுக்கு அடி அகலம் வைத்து, சாந்தில்லாமல் கல்லைக் கல்லோடு பூட்டி, படிப்படியாகச் சுவரோடு சாய்த்து ஏற்றினார். முத்துக்கனி சின்னக் கற்களைச் சுமந்தாள். கிழிந்த தாளுக்குப் பக்கத்தில் புதிய தாள் ஒன்றும் ஒட்டப்பட்டது.

ஜெயசிங் சாரு ஒன்பது மணிக்குக் குடையோடு வந்தார்.

"என்னவே இது? நாளக் கழிச்சுப் பிரதிஷ்டை. கோயில் வாசல்ல கல்லுக்குவியலா? ஆடு கெட்டப் போறீரா? எடும் எல்லாத்தையும்!"

அவர் வழக்கம்போல இடது பக்கம் நின்று கத்தினார். சுயம்பு கல்லைக் கீழே வைத்துவிட்டு முழுசாகத் திரும்பி, வலது காதை அவருக்குக் கொடுத்தார். ஜெயசிங் சாரு தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"சாரே, வளைவு தள்ளுது. சொவரு வெடிச்சிருக்கு. அந்தத் தாளப் பாரும். தப்பு எனக்க தப்பு. மொகத்தக் கெட்டினேன், முதுகக் கெட்டல்ல."

ஜெயசிங் சாரு போய்த் தாளைப் பார்த்தார். விரிசலைப் பார்த்தார். வளைவை அண்ணாந்து பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் வந்தார்.

"அப்பம் நாளைக்கி முட்டு எடுக்காண்டாம். போதகருக்கு ஆள் விட்டுச் சொல்லிருவோம். பக்கவாசல் வழியாப் போலாம்."

"அச்சு மரம் மழையில ஊறி இப்பமே தொய்ஞ்சிட்டு. வச்சிருந்தா அதுவே வளைவ இழுத்துக் கீழ போட்டுரும். நிக்குமா நிக்காதாண்ணு ஞாயித்துக்கெழம கூட்டம் வரதுக்கு முன்ன தெரிஞ்சுக்கிடணும்."

"நிக்கல்லண்ணா? அடியில நீருல்லா நிப்பீரு!"

"பின்ன ஆரு நிப்பா? நீரா?"

ஜெயசிங் சாரு குடையை மடக்கிச் சுவரோரம் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். அவர் தூக்கிய முதல் கல் அவர் கால்விரலிலேயே விழுந்தது. வேதத்தில் இல்லாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு அதை மறுபடியும் தூக்கினார்.

சனிக்கிழமை எட்டு மணி. சபைக்காரர்கள் சாலைக்கு அந்தப் பக்கம் நிறுத்தப்பட்டார்கள். சுயம்பு சட்டையைக் கழற்றினார். துண்டை உதறித் தலையில் கட்டினார். கூட்டத்தில் யாரோ, "கோயில் வாசல்ல தலைக்கெட்டா?" என்று ஆரம்பித்தார்கள்.

"நாளைக்கித்தான் இது ஒங்க கோயில். இண்ணைக்கு எனக்க வேல" என்றார் சுயம்பு.

ஜெயசிங் சாரு அவர்களைக் கையமர்த்தினார். நேற்றைய கால்விரலுக்குக் கட்டுப் போட்டிருந்தார்.

"பிள்ளே, நீ தாளையே பாத்துக்கிட்டு நில்லு. கிழிஞ்சா சத்தம் போடு. இந்தப் பக்கம் நின்னு போடு" என்று வலது பக்கத்தைக் காட்டினார் முத்துக்கனியிடம். வாயில் வெற்றிலை இல்லை.

எட்டு ஆப்புகள். முதல் நான்கும் பேச்சில்லாமல் வந்தன. ஐந்தாவதைத் தட்டியதும் அச்சு முனகியது. ஆறாவதில் மேலேயிருந்து சுண்ணாம்புத் தூள் கொட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். ஏழாவது இறுகிப்போயிருந்தது. மூன்று அடி. வளைவுக்குள்ளே எங்கோ ஒரு செங்கல் தன் இடத்தில் புரண்டு படுத்த மாதிரி 'கர்ர்' என்று ஒரு சத்தம். அது இடது காதில்கூடக் கேட்ட மாதிரி இருந்தது. கூட்டத்தில் பெண்கள் ஜெபம் சொல்லத் தொடங்கினார்கள்.

எட்டாவது ஆப்பின்மேல் சுத்தியலை வைத்தார். பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள்.

"ஏட்டி! இஞ்ச என்ன செய்ய? தாள ஆரு பாக்கா?"

"சாரு பாக்காரு."

"வெளிய போ! இது மொற இல்ல."

"கல்லு செமந்தவளுக்கு என்ன மொறண்ணு ஒங்க கொத்தனாருமாரு ஆரும் சொல்லல்ல. தட்டுங்க."

"முத்துக்கனி..."

"கை வலிக்குண்ணா நான் தட்டவா?"

அவர் தட்டினார்.

அச்சு ஒரு சாண் இறங்கி, கீழே அடுக்கி வைத்திருந்த மணல் மூட்டைகளின்மேல் தொப்பென்று உட்கார்ந்தது. தூள் மேகமாக எழுந்து இருவரையும் மூடியது. வெள்ளைக்குள் ஒன்றும் தெரியவில்லை. சுயம்பு அவள் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தலையை அண்ணாந்து, பூட்டுக்கல் இருக்கிற திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு செங்கல் துண்டு காலடியில் விழுந்தது. அப்புறம் ஒன்றும் விழவில்லை.

"சாரே!" என்று கத்தினார். "தாள் என்ன சொல்லுது?"

வெளியே ஜெயசிங் சாரு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார்.

"இழுபட்டிருக்கு," என்றது ஜெயசிங் சாருவின் குரல். "கிழியல்ல. கொத்தனாரே, கிழியல்ல!"

தூள் அடங்க அடங்க, வளைவு இரண்டு கைகளையும் கூப்பியபடி மேலே நின்றது. கீழே முட்டு எதுவும் இல்லை. இருவரும் வாசலைத் தாண்டி வெயிலுக்கு வந்தார்கள். முத்துக்கனி தலையிலிருந்து கால் வரை சுண்ணாம்பாக நின்றாள். கண்கள் இரண்டு மட்டும் கறுப்பாகத் தெரிந்தன. கூட்டம் சாலையைத் தாண்டி ஓடிவந்துகொண்டிருந்தது.

"கண்ணக் கசக்காத. எரியும்," என்றார் சுயம்பு.

தலையிலிருந்த துண்டின் முடிச்சை அவிழ்த்தார். சுத்தமாக இருந்த உள்மடிப்பைத் திருப்பி, அவள் முகத்தை மெல்லத் துடைத்துவிட்டார்.